நீல நாக்குக் கோழிகளும் கணபதி மாப்பிள்ளையும்

கவிதா, பிரபு, முதலில் சிரிப்பதை நிறுத்துங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கவிதா ஒரு கதை சொன்னாள். அவள் கம்பெனிக்குக் கோழி வளர்த்துக் கொடுக்கும் பண்ணைக்காரர் ஒருவர், "டாக்டரம்மா, குஞ்சுக்குள்ள ஏதோ சிப் வெச்சு அனுப்பறாங்களாமா, நெசமுங்களா?" என்று கேட்டாராம். பிரபுவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கவிதா சிரித்ததோடு விடவில்லை. அந்த மனிதருக்கு அறிவு வரட்டும் என்று ஆங்கிலத்தில் கத்தையாக ஒரு பி.டி.எஃப் அனுப்பினாளாம். அவர் கை கூப்பிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாராம். புரிந்துகொண்டார் என்று பெருமையாகச் சொன்னாள்.

கண்ணு, அது புரிந்துகொண்ட கை இல்லை. ஆளை விட்டால் போதும் என்று கும்பிட்ட கை. அந்த மனிதர் நேற்றைவிட இன்று உறுதியாகச் சிப்பை நம்பிக்கொண்டிருப்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் இத்தனை பக்கம் அனுப்புகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லியும் இருப்பார்.

நான் பத்தாவதோடு நின்றவன். கோழிக் கம்பெனி சூப்பர்வைசராகப் பல்லடத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே பைக்கில் சுற்றியே ஆயுசில் பாதியைத் தீர்த்தவன். என் பிள்ளைகளில் கவிதா கால்நடை டாக்டர். பிரபு என்னைப் போலவே சூப்பர்வைசர், ஆனால் கையில் டேப்லட் வைத்திருக்கிற சூப்பர்வைசர். எந்த வயதில் எவ்வளவு தீவனம், எத்தனை டிகிரி சூடு என்பதையெல்லாம் உங்களுக்கும் உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த டேப்லட்டே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றை நான் எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுக் கை கூப்பிய படம் அனுப்ப வேண்டாம்.

நம் தொழிலில் இருப்பவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காதுகுத்து விருந்துக்குப் போனால், கோழி வறுவலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்தான் கை கழுவும் இடத்தில் என்னை ஓரம் கட்டுவார். "நம்முளுக்குள்ள இருக்கட்டும், ஊசி போட்டுத்தானே ஊத வெக்கறீங்க?" என்பார். ஒரு ஷெட்டில் ஆறாயிரம் கோழி இருக்கும், ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் கிடைத்தால் முதலில் என் வீட்டுத் தென்னையில் காய் இறக்க அவனைத்தான் கூப்பிட்டிருப்பேன் என்பேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான் என்ற இரக்கம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எந்தக் கடையில் கோழி நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு போவார்.

இவர்களையெல்லாம் முட்டாள்கள் என்று நினைத்துத்தான் நானும் ரொம்ப காலம் நிம்மதியாக இருந்தேன். பிறர் முட்டாள் என்று நினைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நாம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நிம்மதியைக் கெடுத்தது வேலுச்சாமி என்ற பண்ணைக்காரரின் ஷெட்.

வேலுச்சாமி பல்லடத்துக்குத் தெற்கே தோட்டத்தில் இருந்தார். அவரும் மனைவி சிவகாமியும் வேலைக்கு ஆள் வைக்காமல் தாங்களே ஷெட்டைப் பார்த்துக்கொள்வார்கள். கிருமிநாசினித் தண்ணீரில் கால் நனைக்காமல் நான்கூட உள்ளே போக முடியாது. அப்படிப்பட்ட ஷெட்டில் தொடர்ந்து மூன்று பேட்ச் எடை வரவில்லை. தீவனம் தின்கிறது, நோய் இல்லை, ஆனால் பிடிக்கிற நாளில் கோழி சின்னதாகவே இருக்கிறது. எடை வராத ஷெட்டைக் கம்பெனி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு பேட்ச் சறுக்கினால் அவருக்கு வளர்ப்புக்குக் குஞ்சு போட வேண்டாம் என்று ஆபீசில் முடிவாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். குஞ்சு போடாத ஷெட் என்பது ஊர் பார்க்க நிற்கும் ஒரு நீளமான தகரக் கூரை, அவ்வளவுதான்.

ஆடி மாதம் அவருடைய நான்காவது பேட்ச்சுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாள் வந்தது. சாதாரண நாளாக இருந்தால் கவலையில்லை. அவருக்கு மேற்கே இருந்த ஒரு ஷெட்டில் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்துவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் தீவனம் பொறுக்கிய கோழி சாயங்காலம் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கும். ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. அன்று மருந்து உள்ளே போகாவிட்டால் வேலுச்சாமி நான்காவது பேட்ச்சை எடை போட வேண்டியிருக்காது. குழி வெட்ட வேண்டியிருக்கும்.

இந்த மருந்து கொடுப்பதில் நம்முடைய வழக்கம் ஒன்று உண்டு. இதை வாசிக்கிற வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். விடியும்போதே தண்ணீரை நிறுத்திக் கோழிகளுக்குத் தாகம் எடுக்க வைப்போம். பிறகு பால் பவுடரும் மருந்தும் கலந்த தண்ணீரைத் திறந்துவிடுவோம். கூடவே ஒரு நீல மாத்திரையைக் கரைப்போம். குடித்த கோழிக்கு நாக்கு நீலமாகிவிடும். டார்ச் அடித்து அலகைத் திறந்து பார்த்தால் எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஓட்டுப் போட்டவர் விரலில் மை வைக்கிறார்களே, அந்த மாதிரி. அந்த நீலத்துக்கு வேறு வேலை கிடையாது.

இதைப் பண்ணைக்காரர்களுக்கு யார் சொன்னோம்? யாரும் சொல்லவில்லை. "என்னங்க இது, நீலமா இருக்குது?" என்று கேட்டால் சூப்பர்வைசர்கள் அத்தனை பேரிடமும் ஒரே பதில்தான். "கம்பெனி மருந்துங்க." பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டே சொல்லிவிடலாம். அதைவிட வசதியான பதிலை நான் கண்டதில்லை.

அதற்கு முந்தின பேட்ச்சின் மருந்து நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவகாமியின் தம்பி தங்கராசு குடும்பத்தோடு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். டவுனில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். மோட்டார் பம்புக்கு உருப்படி கடைந்து கொடுப்பார். கெட்டிக்காரர். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் உருப்படியைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிடுவார். வெர்னியர் வைத்து அளக்காமல் ஒரு போல்ட்டை நம்பாதவர். ஆனால் போனில் வருகிற சமாச்சாரத்தை அளக்க வெர்னியர் கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் ஷெட்டுக்குள் நடந்து, ஒரு கோழியைத் தூக்கி, நீல நாக்கைப் பார்த்துவிட்டார். நான் அப்போது அடுத்த பண்ணைக்குப் போயிருந்தேன். வேலுச்சாமியிடம் கேட்டிருக்கிறார். "கம்பெனி மருந்தாமா மாப்பிள்ளை" என்று அவர் நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். தங்கராசு வீடியோ எடுத்துப் பட்டறைக்காரர்கள் குரூப்பில் போட்டார். அன்றிலிருந்து நாக்கு நீலமான கோழிகள் தமிழ்நாடு முழுக்க மேயத் தொடங்கின.

எனக்கே அந்த வீடியோ பல கை மாறி வந்தது. யாரோ, எங்கேயோ என்று சிரித்துவிட்டு அழித்தேன். ஆபீஸ் குரூப்பில் மேனேஜரும் அதைப் போட்டு, யாரும் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தார். நாங்கள் எல்லோரும் கட்டளைப்படி கண்டுகொள்ளாமல் இருந்தோம். அதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஆடி மாதம் நான் மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு போய் இறங்கியபோது தோட்டத்துக் கேட்டில் சங்கிலி. உள்பக்கம் வேலுச்சாமியும் தங்கராசுவும் நின்றார்கள். சிவகாமி சொம்பில் மோர் கொண்டுவந்து கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். எங்கள் பக்கத்தில் ஒருவரை உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தாலும் முதலில் மோர் கொடுத்துவிட்டுத்தான் விடாமல் இருப்பார்கள்.

"வாங்க சார், மோர் குடிங்க. மருந்து இன்னைக்கு வேண்டாமுங்க," என்றார் வேலுச்சாமி.

தண்ணீரை நிறுத்தினீர்களா என்று கேட்டேன். விடியும்போதே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கவனியுங்கள். கேட்டைப் பூட்டியவர்தான் தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறார். மருந்து வேண்டாம் என்று முழுசாக முடிவு செய்தவர் கோழியைத் தாகத்தில் போட மாட்டார். பாதி மனசு இன்னும் என் பக்கம் இருந்தது. உள்ளே ஆறாயிரம் கோழி வறண்ட தண்ணீர்க் குழாய் நிப்பிளைக் கொத்தும் டிக் டிக் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

என்ன காரணம் என்று கேட்டேன். வேலுச்சாமி போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளகோவிலில் இருக்கும் பெரியப்பா மகன் அனுப்பினாராம். சோகமான இசை, நடுங்கும் குரலில் ஒருவர் பேச்சு. வடநாட்டில் ஏதோ ஒரு மாநிலத்தில் கோழிகளுக்கு மெல்லக் கொல்லும் விஷம் கொடுக்கிறார்களாம், பாருங்கள் மக்களே, நாக்கு நீலமாகிவிட்டது என்றது குரல்.

"பாத்தீங்களா சார்," என்றார் வேலுச்சாமி. "நம்ம ஊர்ல மட்டும்னா மாப்பிள்ளை சும்மா பேசறான்னு உட்ருவேன். அங்கெல்லாம்கூட இதே கதைதானாம்."

தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிவகாமி, "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க," என்றார். "அந்தப் பச்சைக் கொடம் நம்முளதாட்ட இருக்குது. வாய் நசுங்கி இருக்குது பாருங்க. அதுக்குப் பக்கத்துல நம்ம மணி படுத்திருக்கறான்."

மணி என்பது அவர்கள் நாய். பெயர் காதில் விழுந்ததும் எழுந்து வந்து, தான்தான் அது என்று வாலை ஆட்டியது. பச்சைக் குடம் தொட்டியோரத்தில் நசுங்கிய வாயோடு உட்கார்ந்திருந்தது. வடநாடு முழுவதும் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது.

எனக்கு உள்ளூர ஒரே குதூகலம். கதை முடிந்தது, சங்கிலியைக் கழற்றப் போகிறார்கள் என்று பெட்டியைத் தூக்கிவிட்டேன். புதியவர்களே, இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆதாரம் உடைந்தால் நம்பிக்கை உடையும் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்குகிறவன் இந்தத் தொழிலுக்குப் புதியவன். நான் அன்று பல வருஷம் பழசான புதியவன்.

தங்கராசு போனை வாங்கி ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நான் எடுத்ததுதான். சரி. ஆனா ஏன் ஊரை மாத்திப் போட்டிருக்கறான்? நம்ம ஊருன்னு தெரியக் கூடாதுன்னு யாரோ நெனைக்கறாங்க. அப்ப இதுல எவ்வளவு பெரிய ஆளுக இருக்கறாங்கன்னு பாத்துக்கங்க மாமா."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவர் தலைக்குள் இருந்த லேத் எதைக் கொடுத்தாலும் ஒரே அளவில் கடைந்து தள்ளிவிடும்.

நீலத்துக்கு என்ன வேலை என்று அப்போதுதான் வாயைத் திறந்து விளக்கினேன். நாக்கு, டார்ச், ஓட்டு மை எல்லாம் சொன்னேன். தங்கராசு மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு சின்ன விசயத்தை ஏனுங்க இத்தனை வருசமாச் சொல்லல?" என்றார். உலகத்திலேயே மிக நியாயமான கேள்வி. அடுத்து, "அப்ப நீங்களே ஒரு டம்ளர் குடிங்க பாக்கலாம்," என்றார்.

குடித்திருக்கலாம். குடிக்கவில்லை. எங்கள் கம்பெனிப் பெரியவர்கள் புரளி கிளம்பும்போதெல்லாம் மேடை போட்டுக் கோழிக்கறி தின்று காட்டியவர்கள். கூட்டம் வரும், பிரியாணியைத் தின்னும், அவர்கள் தின்றது தனிக் கோழி என்று பேசிக்கொண்டே கலையும். அதனால் தங்கராசுவிடம், நான் குடித்துவிட்டு நின்றால் மாற்று மருந்து சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்வீர்கள் என்றேன்.

"ஆமாங்க, சொல்லுவேன்," என்றார். அன்று அந்தக் கேட்டுக்கு இரண்டு பக்கத்திலும் சுத்தமான உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

அப்போது வேலுச்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க சார், அந்த நீலத்தை மட்டும் உட்டுப்போட்டு மருந்தை ஊத்த முடியாதுங்களா?"

இதுதான் அன்றைய நெருக்கடி. யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மருந்தைப் பற்றி அவருக்குப் பயமில்லை. மருந்து போனதா என்று எல்லோருக்கும் வெளிப்படையாகக் காட்டுவதற்காக நாங்கள் சேர்த்த ஒரே பொருளைத்தான் எடுக்கச் சொல்கிறார். நீலம் இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும். ஆனால் எடுத்தால், நீலத்தில் ஏதோ இருந்தது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. எடுக்காவிட்டால் சங்கிலி அப்படியே இருக்கும், மேற்கே இருந்து காற்று வந்துகொண்டே இருக்கும்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் பெயர் வேண்டாம். குரலில் ஏசி ஓடும். "நீலம் இல்லாம போட்டா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீல் நோட்டீஸ் வரும்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துடு," என்றார். இன்றைக்கு விட்டால் கோழி என்னவாகும் என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் பண்ணைக்காரர் மறுத்தார் என்று எழுதிவிடு என்றார். பார்த்தீர்களா, கதை கட்டத் தெரிந்தவர்கள் கணபதியில் மட்டும் இல்லை.

போனை வைத்துவிட்டு நீல மாத்திரை அட்டையை அவர்கள் கண் முன்னாலேயே, தங்கராசு நீட்டிப் பிடித்த போன் முன்னாலேயே, சட்டைப் பையில் போட்டேன். "நீலம் இல்லாமலே ஊத்திரலாமுங்க. ஆனா எது குடிச்சுது, எது குடிக்கலைன்னு எனக்குத் தெரியாது. நீங்க எல்லாரும் உள்ள வந்து, மூலையில படுத்திருக்கறதை எழுப்பித் தண்ணிக்குத் தொரத்தோணும்," என்றேன். சங்கிலி கழன்றது.

தொட்டியில் பால் பவுடரைக் கரைத்து மருந்தைக் கலந்தேன். தங்கராசு அதை ஒரு நொடி விடாமல் வீடியோ எடுத்தார். தண்ணீரைத் திறந்ததும் கோழிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. பிறகு நாங்கள் நாலு பேரும் ஷெட்டுக்குள் மேலும் கீழும் நடந்தோம். நாட்டைச் சதியிலிருந்து காப்பாற்ற வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டி, சாக்கை வீசி வீசிக் கோழிகளைச் சதிகாரன் தண்ணீருக்கு விரட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக் கோழி அல்லவா.

வேலுச்சாமி என் பக்கத்தில் நடந்தார். முகத்தைப் பார்க்காமல், கோழிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீலத்துல ஒண்ணுமில்லைன்னு எனக்கும் தெரியுமுங்க சார்."

பிறகு ஏன் கேட்டைப் பூட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மூணு பேட்ச்சா எடை வரல. உங்களைக் கேட்டேன், கம்பெனியில பாத்துட்டிருக்கறாங்கன்னீங்க. ஆபீசுக்குப் போன் போட்டேன், உங்க சூப்பர்வைசரைக் கேளுங்கன்னாங்க. நாந்தான் எங்கியோ தப்புப் பண்றனோன்னு ஷெட்டுலயே கட்டலைப் போட்டுப் படுத்தும் பாத்தேன். ஊருக்குள்ள எல்லாரும் என்ற மொகத்தைப் பாக்கறாங்க. மாப்பிள்ளை ஒருத்தன்தான் எதிர்ல உக்காந்து முச்சூடும் கேட்டுப்போட்டு, 'மாமா, உங்க மேல தப்பில்ல'ன்னான். அப்பத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

எதிர்முனையில் சாக்கை வீசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் வடநாட்டு விஷம் மொத்தத்தையும் இந்த மனிதர் விழுங்கியிருக்கிறார். நாங்கள் சொல்ல மறந்த வரி அது. மறந்தது என்பதுகூடக் கௌரவமான வார்த்தை. அதைச் சொல்லும் வேலை எங்களுடையது என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. சதி செய்கிறவனாவது வேலுச்சாமி என்று ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துத்தானே செய்கிறான்? எங்கள் ஆபீசில் அவர் வெறும் ஷெட் நம்பர்.

"இப்பச் சொல்லுங்க சார். ஏன் எடை வரல?"

கம்பெனியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழக்கம். அதை விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியலைங்க," என்றேன். "கேட்டுப்போட்டுச் சொல்றேன். அவுங்க சொல்லலைன்னா, சொல்லலைங்கறதையாவது வந்து சொல்றேன்."

வேலுச்சாமி நின்றுவிட்டார். பிறகு அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "இதை அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா மாப்பிள்ளைக்குப் பெட்ரோல் மிச்சமுங்க."

கோழிகள் பிழைத்தன. மேற்கே இருந்த ஷெட்டில் குழி வெட்டினார்கள். வேலுச்சாமி ஷெட்டுக்குள் கழிச்சல் எட்டிப் பார்க்கவில்லை. அறிவு வென்றது, இருள் விலகியது என்று நீங்கள் முடிவுக்கு வருவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே இன்னொரு வீடியோ வந்தது. நான் மாத்திரையைச் சட்டைப் பையில் போடுவது, நான் மருந்து கலக்குவது, கடைசியில் தங்கராசுவின் முகம். மக்கள் எழுப்பிய கேள்விக்குப் பயந்து கம்பெனி நீல விஷத்தை நிறுத்திவிட்டது, இது நமக்குக் கிடைத்த வெற்றி என்று பேசியிருந்தார். என் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் பலர் கூப்பிட்டு, உண்மையை வெளியே கொண்டுவந்ததற்காக என்னைப் பாராட்டினார்கள். மேனேஜர் பாராட்டவில்லை. எனக்கு மெமோ வந்தது. அவர் பயந்தது அப்படியே நடந்தது. அவர் சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்று ஆபீசில் பேச்சு. இருக்கட்டும். அதே கேட்டில் இன்னொரு தடவை நிறுத்தினாலும் மாத்திரையைப் பைக்குள்தான் போடுவேன். வீடியோ போனால் போகிறது. கோழி போனால் வேலுச்சாமியும் சேர்ந்து போவார்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். மெமோ வாங்கிய கையோடு ஆபீசில் ஒவ்வொரு மேஜையாக நின்று கேட்டேன். கடைசியில் குஞ்சு அனுப்பும் பிரிவில் ஒருவர் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார். சில மாதமாக முட்டை பொரிக்கும் வேறு ஹேச்சரியிலிருந்து குஞ்சு வருகிறதாம். இளம் தாய்க்கோழி முட்டை, அதனால் குஞ்சு சின்னது. நான் சுற்றும் லைனில் சில ஷெட்டுக்குத் தொடர்ந்து அதுதான் போயிருக்கிறது. பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்தால் தேவையில்லாமல் பேசுவார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தார்களாம். தேவையில்லாமல் பேசக் கூடாதே என்று மறைத்தார்கள். அதனால் பண்ணைக்காரர்கள் விஷத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

நேராக வேலுச்சாமியிடம் போய்ச் சொன்னேன். உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். மாப்பிள்ளை முன்னமே சொல்லிவிட்டதால் அது பழைய செய்தியாகிவிட்டது. தங்கராசுவுக்கும் தகவல் போனது. "நாஞ் சொல்லல? மறைக்கறாங்கன்னு?" என்றாராம். இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது கால்வாசி சரி. மறைத்தது உண்மை. மறைத்த பொருள்தான் வேறு. நாக்கைப் பார்த்தவர் குஞ்சைப் பார்த்திருந்தால் எங்கள் ஆபீசுக்கு முன்னால் கண்டுபிடித்திருப்பார். வேலுச்சாமியின் ஷெட் தொடர்ந்து ஓடியது. குஞ்சுதான் காரணம் என்று வெளியே தெரிந்த பிறகு அவருக்குக் குஞ்சை நிறுத்துவதற்கு ஆபீசுக்கு வாய் வரவில்லை.

ஆகவே, கவிதா, அந்தச் சிப் கேட்ட மனிதரிடம் மறுபடி போ. சிப்பைப் பற்றிப் பேசாதே. இல்லை என்று நிரூபிக்கவும் வேண்டாம், அதற்கு அவர் வேறொன்றைக் கடைந்து வைத்திருப்பார். ஷெட்டுக்குள் போய் நின்று, இந்தப் பேட்ச்சில் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேள். யாருக்கும் சொல்லாத ஏதோ ஒன்று அவருக்கு நடந்திருக்கும். உனக்குக் காரணம் தெரிந்தால் சொல், உன் மேனேஜர் முகம் சுளித்தாலும் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். டாக்டர் தெரியாது என்று சொல்லலாமா என்று வெட்கப்படாதே. பிரபு, பைக்கை அணைத்துவிட்டுப் பதில் சொல்லப் பழகு. டேப்லட்டையும்.

அன்று நடந்ததில் ஒன்றை மட்டும் உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வேலுச்சாமி தோட்டத்திலிருந்து கிளம்பி, மெயின் ரோட்டுக்கு வரும் முன் ஒரு வேப்பமர நிழலில் பைக்கை நிறுத்தினேன். சட்டைப் பையில் நீல மாத்திரை அட்டை உறுத்திக்கொண்டே வந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை தொட்டியில் கரைத்திருப்பேன், ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. அன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதி புரியவில்லை. எனக்கு அந்த நீலத்தின் மேல் சந்தேகம் கிடையாது. எப்படி ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் இடித்தது. தங்கராசு போனில் வந்ததை நம்பினார். நான் ஆபீசில் கொடுத்ததை நம்பினேன். இரண்டு பேரிடமும் வெர்னியர் இல்லை.

ரோட்டில் யாரும் வரவில்லை. மாத்திரையில் நகக்கண் அளவு கிள்ளித் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். குடித்தேன். சப்பென்று இருந்தது. பைக்கின் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, குனிந்து, நாக்கை நீட்டிப் பார்த்தேன்.

நல்ல நீலம். வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மா கேட்டால் நாவல்பழம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டே சொல்ல வசதியான பதில். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கப் போனேன். அதுவும் நீலம். அதை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு, நாக்கு பழைய நிறத்துக்கு வரட்டும் என்று பைக் மேலேயே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.